கார் வணிகமும் வாடிக்கையாளரும் – ஓர் ஆய்வு

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வணிகவியல் மாணவி)

‘வாங்குபவனே விழிப்பாயிரு’ என்னும் கோட்பாடு வணிகச் சட்டத் தாளைப் படித்த ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் தனது 16ஆம் பிரிவில் இதனைக் கூறி, இதற்குரிய விலக்குகளையும் வரிசைப்படுத்துகிறது. ஐந்து மதிப்பெண் வினாவாகவும் பத்து மதிப்பெண் வினாவாகவும் இது மாறி மாறி வரும். நானும் எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறேன். ஆனால் விழிப்பாயிருக்க வேண்டுமானால் வாங்கும் பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே! கண்ணுக்குத் தெரியாத ஒன்றை விலை கொடுத்து வாங்குபவன் எதைப் பார்த்து விழிப்பான்? என் தந்தையார் வாங்கிய வாடகைக் காரின் சர்வீஸ் பில்லை ஓர் இரவு உட்கார்ந்து படித்தபோதுதான் இந்த ஐயம் எனக்குத் தோன்றியது. அதன் விளைவே இக்கட்டுரை.

கார் வாங்குவோரின் துன்பம் காலத்துக்குக் காலம் வடிவம் மாறியிருக்கிறது. உரிமமுறை நிலவிய நாட்களில் கார் கிடைப்பதே அரிது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாஸிடர், பம்பாய் பிரிமியர் நிறுவனத்தின் பியட், நம் சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆகியவற்றுள் ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். அன்று டீலர் என்பவர் விற்பவராக இருந்தார் என்பதைவிட வரம் கொடுப்பவராக இருந்தார் என்று கூறினால் மிகையாகாது. வண்டியில் குறை சொல்ல யாருக்குத் துணிவு வரும்? 1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி அவர்கள் வழங்கியபோதும், அதைப் பெற்றவர் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்தாம். 1993இல் கார் உற்பத்திக்கு உரிமம் பெற வேண்டுமென்ற விதி நீக்கப்பட்டது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது. 2014இல் அம்பாஸிடர் உற்பத்தி நின்றுபோயிற்று. இந்த இருபது ஆண்டுகளில் வரிசையில் நின்ற வாடிக்கையாளர், கண்ணாடிக் கதவைத் திறந்து வரவேற்கப்படும் வாடிக்கையாளராக மாறினார்.

வரவேற்பு மாறியது; உறவு எத்தகையது என்பதை மட்டும் பலர் இன்னும் சரியாக அறியவில்லை. வாசலில் நிறுவனத்தின் பெயர்ப்பலகை தொங்குவதால், உள்ளே இருப்பவர் அந்நிறுவனத்தின் ஆள் என்று நாம் எண்ணுகிறோம். முகமைச் சட்டம் படித்த நண்பர்கள்கூட டீலரை முகவர் என்றே கருதுவர். சட்டம் அவ்வாறு கருதவில்லை. கோவாவில் 2011ஆம் ஆண்டுத் தயாரிப்பு என நம்பிப் பணம் கட்டிய ஒருவருக்கு 2009ஆம் ஆண்டுத் தயாரிப்பு வண்டி கொடுக்கப்பட்டது. அவ்வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றது. தயாரிப்பாளருக்கும் டீலருக்கும் இடையே இருப்பது முதல்வர்–முதல்வர் உறவு என்றும், டீலர் செய்த தவறு தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என நிறுவாமல் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க இயலாது என்றும் 2021 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. ஆகவே நமக்கு வண்டி விற்பவர், அதைத் தம் பணத்தில் வாங்கித் தம் பொறுப்பில் விற்கும் தனி வணிகர்.

தனி வணிகராயினும் முழு உரிமையுள்ளவர் என்றும் சொல்வதற்கில்லை. டீலர்கள் தாமாகக் கூடுதல் தள்ளுபடி தரக்கூடாதென்று கட்டுப்படுத்தியதற்காக மாருதி நிறுவனத்துக்கு 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. அவ்வாணையத்தின் உத்தரவில் ஒரு செய்தி சுவையானது. தள்ளுபடி தரும் டீலரைக் கண்டுபிடிக்க, வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்கள் அனுப்பப்பட்டனராம்! மன்னர்கள் மாறுவேடத்தில் நகர்வலம் வந்த கதைகளைப் படித்து வளர்ந்த நமக்கு இது புதிதன்று.

இனி என் வீட்டுக்கு வருகிறேன்.

என் தந்தையார் பத்தொன்பது ஆண்டுகள் பிறருடைய காரை ஓட்டியவர். முதலாளியின் வண்டியைச் சர்வீசுக்கு விடப் போகும்போது, பட்டறை வாசலில் வேப்பமர நிழலில் நின்றே பழகியவர். 2022 ஆகஸ்டில் சேமிப்பையும் அம்மாவின் இரண்டு வளையல்களையும் வைத்து, ஏழு இலட்சம் ரூபாய் கடனும் பெற்று, மஞ்சள் போர்டு போட்ட சொந்தக் கார் ஒன்றை வாங்கினார். மாதத் தவணை ரூ. 14,900. எங்கள் ஊரிலிருந்து 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நகரத்தில் வாங்கினோம். டீலரின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை.

விற்பனைப் பகுதியில் நாங்கள் விழிப்பாகவே இருந்தோம் என்று சொல்ல வேண்டும். கொட்டேஷனில் வண்டி விலைக்குக் கீழே ‘கையாளுகைக் கட்டணம்’ என்று ரூ. 8,500 போட்டிருந்தார்கள். வண்டியைக் கிடங்கிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவருவது விற்பவர் வேலை. அதற்கு வாங்குபவர் ஏன் தனியே கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். சற்று நேரம் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து அதை அடித்துவிட்டார்கள். காப்பீட்டுக்கு ரூ. 52,000 கேட்டார்கள். வெளியே அதே காப்பீடு ரூ. 44,000க்குக் கிடைத்தது. டீலர் மூலமே காப்பீடு எடுக்க வேண்டுமென்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தலாகாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017இல் வகுத்த நெறிமுறை. அதைச் சொன்னதும் அவர்களும் விலையைக் குறைத்தார்கள். தரைவிரிப்பு, இருக்கை உறை முதலியவற்றை ‘அவசியத் தொகுப்பு’ என்று பெயரிட்டு விற்க முயன்றார்கள், அவசியமில்லை என்றோம்.

வண்டியைப் பார்த்தபோது அடிச்சட்டத்தில் பொறித்திருந்த பதினேழு எழுத்தெண்களையும் தாளில் உள்ளவற்றோடு ஒப்பிட்டேன். தயாரித்த காலமும் அக்குறியீட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கும். அது எந்த இடத்தில் வரும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். (ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் இதில் வாரா. ஒன்றோடும் பூச்சியத்தோடும் குழம்பிவிடும் என்பதே காரணம்.) தற்காலிகப் பதிவோ நிரந்தரப் பதிவோ இல்லாமல் டீலர் வண்டியை ஒப்படைக்கக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 42ஆம் விதி. நல்ல நேரம் போய்விடும் என்று அப்பா அவசரப்பட்டபோதும், எண் வந்த பிறகே வண்டியை எடுத்தோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, அப்பா முதன்முதலாகத் தம் வண்டியை ஓட்டி வந்தார்.

எலுமிச்சை என்றதும் பொருளாதார மாணவர்களுக்கு ஜார்ஜ் அக்கர்லாஃப் நினைவுக்கு வருவார். அமெரிக்கர்கள் வாங்கியபின் பழுது தெரியவரும் காரை ‘எலுமிச்சை’ என்பார்கள். பழைய கார்ச் சந்தையில் விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த அறிவு ஏற்றத்தாழ்வினால் நல்ல வண்டிகள் சந்தையை விட்டே விலகிவிடும் என்று அவர் 1970இல் எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய அக்கட்டுரை நான்காவதில் வெளிவந்தது. 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவரானார். கட்டுரை திரும்பி வந்ததென்று வருந்தும் ஆய்வு மாணவர்கள் இதைக் கவனிக்க.

என் அனுபவத்துக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு வேறொன்று. பொருள்களை வாங்குமுன் பார்த்தே தரம் அறியக் கூடியவை, வாங்கிப் பயன்படுத்தி அறியக் கூடியவை என 1970இல் பிலிப் நெல்சன் இரண்டாகப் பிரித்தார். 1973இல் டார்பி, கார்னி என்னும் இருவர் மூன்றாவது வகை ஒன்றைச் சேர்த்தனர். அது வாங்கிப் பயன்படுத்திய பிறகும் தரம் அறிய முடியாதது. நம்பி மட்டுமே ஏற்கக் கூடியது. பழுதுபார்க்கும் வேலை இவ்வகையைச் சேர்ந்தது. எந்த வேலை தேவை என்று சொல்பவரும் அதைச் செய்து பணம் பெறுபவரும் ஒருவரே. அவர் தேவையில்லாத வேலையைச் செய்தாரா, தேவையான வேலையைச் செய்யாமலேயே விட்டாரா என்பதை வண்டியை ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. கொட்டேஷனில் இருந்த கையாளுகைக் கட்டணத்தை என்னால் கண்ணால் காண முடிந்தது. பட்டறைக்குள் நடப்பதைக் காண முடியவில்லை.

2024 ஜனவரியில் 40,000 கிலோமீட்டர் சர்வீசுக்கு அப்பா தனியே போனார். இலவச சர்வீஸ்கள் முன்னரே முடிந்திருந்தன. (இலவசம் என்பது வேலைக்கூலிக்கு மட்டுமே, ஆயிலுக்கும் பில்டருக்கும் அப்போதும் பணம் உண்டு.) டை கட்டிய இளைஞர் ஒருவர் ஓடிவந்து, ‘வாங்க சார், உட்காருங்க சார்’ என்று குளிர்சாதன அறையில் அமர்த்தித் தேநீர் கொடுத்திருக்கிறார். வேப்பமர நிழலில் நின்ற மனிதருக்கு இது சிறிய செய்தியன்று. ஆங்கிலத்தில் அச்சிட்ட ஜாப் கார்டை நீட்டி, ‘இதெல்லாம் செஞ்சா வண்டி புதுசு மாதிரி ஓடும் சார்’ என்றதும் அப்பா கையெழுத்திட்டார். ‘சார்னு கூப்பிடுறவர்கிட்ட எப்படிம்மா இது எதுக்கு, அது எதுக்குன்னு கேட்கிறது?’ என்று பின்னர் என்னிடம் சொன்னார். சந்தையியல் பாடநூல் எதிலும் நான் இதைப் படித்ததில்லை.

பில் ரூ. 18,740, ஒரு மாதத் தவணையைவிட அதிகம். அன்றிரவு வரி வரியாகப் படித்தேன். ஆயில், பில்டர், சக்கரச் சீரமைப்பு ஆகியவை நியாயம். அவற்றின்கீழ் இஞ்செக்டர் சுத்தம் ரூ. 2,400, த்ராட்டில் பாடி சுத்தம் ரூ. 950, ஏ.சி. கிருமிநீக்கம் ரூ. 1,250, என்ஜின் பிளஷ் ரூ. 650 என்று நான்கு வகைக் ‘குளியல்’. அதற்கும் கீழே முன்சக்கரப் பிரேக் பேட் மாற்றியதற்குக் கூலியோடு ரூ. 4,160. இந்த வரியைப் படித்துக் காட்டியபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நான்கு மாதங்களுக்கு முன்தான் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் பிரேக் பேட் மாற்றியிருந்தார்.

மறுநாள் காலை மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழற்றினார். அவர் நான்கு மாதங்களுக்கு முன் போட்ட வேறு கம்பெனி பேட் அப்படியே இருந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே போனோம். பழைய பேட் எங்கே என்று கேட்டோம். குப்பையில் போட்டாயிற்று என்றார்கள். சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள் என்றோம். கழற்றினார்கள். பிறகு மேலாளர் வந்து, வேறு வண்டியின் வேலை தவறுதலாக இந்த ஜாப் கார்டில் ஏறிவிட்டது என்று வருத்தம் தெரிவித்து, ரூ. 4,160ஐத் திருப்பித் தந்தார். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். நான் விடவில்லை. அந்த நான்கு சுத்தங்களுக்குமான ரூ. 5,250க்கு என்ன சான்று என்று கேட்டேன். ‘செய்யவில்லை என்பதற்கு உங்களிடம் என்ன சான்று?’ என்று மிக மரியாதையாகவே திருப்பிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பேட்டைக் கையில் எடுத்துக் காட்ட முடியும். கழுவிய அழுக்கையோ கழுவாத அழுக்கையோ யார் எடுத்துக் காட்டுவது? டார்பியும் கார்னியும் எழுதியதன் பொருள் எனக்கு விளங்கிய இடம் அந்த மேலாளரின் மேசைதான்.

பட்டறையில் உள்ளவர்களெல்லாம் வஞ்சகர்கள் என்று சொல்வது என் நோக்கமன்று. என் வகுப்புத் தோழியின் அண்ணன் வேறொரு நிறுவனத்தின் பட்டறையில் சர்வீஸ் அட்வைசராக இருக்கிறார். புதிய வண்டி விற்பதில் டீலருக்குக் கிடைக்கும் இலாபம் சொற்பம். காப்பீடு, கடன் ஏற்பாடு, துணைப்பொருள், சர்வீஸ் ஆகியவற்றில்தான் கடை நடக்கிறது என்றார் அவர். மாதந்தோறும் இத்தனை வண்டிகளுக்கு இத்தனை ‘சுத்தம்’ விற்க வேண்டுமென்று அவருக்கு இலக்கு உண்டு. எட்டாவிட்டால் ஊக்கத்தொகை போய்விடும். அதோடு, சர்வீஸ் முடிந்தபின் நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் கேட்கும்போது பத்துக்குப் பத்து கொடுங்கள் என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கெஞ்ச வேண்டும். ஒன்பது கொடுத்தாலும் அவருக்குத் திட்டு விழும். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணுக்காக நாம் ஆசிரியர் அறை வாசலில் நிற்பதை நினைத்துக்கொண்டேன். பட்டினப்பாலை புகழும் புகார் நகரத்து வணிகர்களின் நடுவுநிலையைத் தமிழ்த்துறை நண்பர்கள் எடுத்துக் கூறுவர். அவ்வணிகர்களுக்கு மாத இலக்கு இருந்ததா என்பதையும் அவர்களே ஆராய்ந்து சொல்லட்டும்.

வழக்குத் தொடுக்கலாமா என்று சட்டத்தைப் புரட்டினேன். வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார். அப்படியானால் வாடகைக் கார் ஓட்டும் அப்பா நுகர்வோரா? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு விளக்கம் தருகிறது. சுயதொழில் மூலம் தம் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது. கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் ஒரு தரப்பாக இருந்த 1995ஆம் ஆண்டு வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. தாமே ஓட்டிப் பிழைப்பதற்கு வண்டி வாங்குபவர் நுகர்வோர். பிறரை வைத்து ஓட்ட மட்டுமே வாங்குபவர் நுகர்வோர் அல்லர். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிட வேண்டும். ஐந்து இலட்சம் ரூபாய்வரை கொடுத்துப் பெற்ற பொருளுக்கோ சேவைக்கோ முறையீட்டுக் கட்டணமும் கிடையாது. மனு எழுதி முடித்து அப்பாவிடம் கையெழுத்துக் கேட்டேன்.

‘கேஸ் போட்டா ஜெயிக்கலாம்மா. அடுத்த சர்வீசுக்கு வண்டிய எங்க விடுறது?’ என்றார்.

பணம் கொடுத்து நீட்டித்த உத்தரவாதம் 2027 வரை இருக்கிறது. அந்தக் கம்பெனிக்கு எங்கள் பக்கத்தில் அங்கீகரிக்கப்பட்ட பட்டறை அது ஒன்றே. வெளிப்பட்டறையில் வேலை பார்த்ததை மட்டும் காரணம் காட்டி உத்தரவாதத்தை முழுவதுமாக நீக்கலாகாது என்று போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் உத்தரவிட்டதை அப்பாவிடம் சொன்னேன். உதிரிபாகங்களையும் தொழில்நுட்பக் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக அந்த உத்தரவில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ. 2,544.64 கோடி அபராதம் விதிக்கப்பட்டதையும், அவை மேல்முறையீட்டுக்குச் சென்றதையும் விளக்கினேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, சர்வீஸ் புத்தகத்தை எடுத்து முத்திரைகள் வரிசையாக இருந்த பக்கத்தைக் காட்டினார். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவன் கேள்வி கேட்பான் என்றார். வழக்குக்காக இரண்டு நாள் ஓட்டத்தை விட்டால் தவணைக்கு யார் பதில் சொல்வது என்றும் கேட்டார். ரூ. 5,250க்காக அவர் அத்தனையையும் பணயம் வைக்க வேண்டுமென்று என்னால் வற்புறுத்த முடியவில்லை. அன்று அவர்மீது எனக்குக் கோபம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மனு இன்னும் என் கோப்பில் இருக்கிறது. இரண்டு ஆண்டுக் கெடுதான் கடந்துவிட்டது.

ஆனால் அப்பா சும்மா இருந்துவிடவில்லை. அடுத்த சர்வீசுக்குப் போனபோது, வண்டியை ஒப்படைக்குமுன் கிலோமீட்டர் முள்ளையும் நான்கு சக்கரங்களையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். ஜாப் கார்டை நீட்டியதும் உடனே கையெழுத்திடவில்லை. பேனாவை வாங்கி, கையெழுத்துக்கு மேலே தமிழில், ‘சொல்லாமல் எந்த வேலையும் செய்ய வேண்டாம். பழைய சாமான் எல்லாம் டிக்கியில் வேண்டும்’ என்று எழுதினார். டை கட்டிய இளைஞர் படித்துவிட்டு, ‘சரி சார்’ என்றாராம். பிறகு அப்பா தேநீர் அறையில் உட்காராமல், பட்டறையைப் பார்க்கும் கண்ணாடிச் சன்னல் ஓரமாக மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார். இப்போதெல்லாம் அங்கே அவர் நின்றே இருக்கிறார்.

2025 நவம்பர் சர்வீஸ் முடிந்து வந்த இரவும் டிக்கியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து திண்ணையில் கொட்டினார். கறுத்துப்போன ஆயில் பில்டர், தூசி படிந்த ஏர் பில்டர், தேய்ந்த இரண்டு பிரேக் பேட். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, ‘இது எவ்வளவு போட்டிருக்கான்?’ என்று கேட்கக் கேட்க, நான் பில்லைப் பார்த்து வாசித்துக்கொண்டு வந்தேன். உதிரிபாகங்களுக்கு முன்பு 28 விழுக்காடாக இருந்த வரி, செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடு ஆகியிருந்தது. ‘சுத்தம்’ என்று அந்தப் பில்லில் ஒரே ஒரு வரி இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். ஏ.சி.யில் நாற்றம் வந்ததாம். தாமே கேட்டுச் செய்துகொண்டாராம். நாற்றம் போய்விட்டதா என்றேன்.

‘கொஞ்சம் போயிருக்கு’ என்றார் அப்பா.